மூல ஆட்டமும் திருத்த ஆட்டமும்

சென்னை மாநகரின் மேற்கெல்லையில் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கும் பாடி, அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்கள் தமிழ் கற்றார்க்குப் புதியன அல்ல. பாடி, திருவலிதாயம் என்னும் பெயரால் ஞானசம்பந்தர் பாடல் பெற்ற தலம். திருமுல்லைவாயில் சுந்தரர் பாடியது. பூந்தமல்லி, இராமாநுசர் போற்றிய திருக்கச்சிநம்பி பிறந்த ஊர். 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தபின் இவை தொழிலூர்களாகவும் பெயர் பெற்றன. அண்மைக்காலத்தில் மூன்றாவதாகவும் ஒரு பெயர் இவற்றிற்கு வந்து சேர்ந்துள்ளது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் சீனத்து டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதிலேயே சதுரங்க உலக வாகை சூடிய குகேஷ் பயின்ற பள்ளி மேல் அயனம்பாக்கத்தில் உள்ளது. உலகப் பெருவீரர் வரிசையில் வைத்து எண்ணப்படும் பிரக்ஞானந்தாவும் அவர் தமக்கையார் வைஷாலியும் பாடியில் வளர்ந்தவர்கள்.

இவ்வூர்களிலிருந்து எம் வகுப்பிற்கு வரும் முதுகலை மாணவர் இருவர் ஒருநாள் தம்முள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். பொருள், சதுரங்கம் அன்று, கணினி விளையாட்டு. ஆட்டம் ஒன்றை அதனை ஆக்கியோர் தந்தவாறே ஆடுதல் தக்கதா, பிறர் ஆக்கிய திருத்தங்களைச் சேர்த்து ஆடுதல் தக்கதா என்பது வினா. திருத்தத்தை அவர்கள் ‘மாட்’ என்கின்றனர்; திருத்தம் சேராத மூலத்தை, யாது காரணத்தாலோ, பனிக்கூழின் பெயரால் ‘வெனிலா’ என்கின்றனர். “ஆசிரியன் எழுதியவாறே நூலைப் படிக்கச் சொல்கிறீர்கள், ஆட்டத்திற்கு மட்டும் வேறு நீதியா?” என்றார் ஒருவர். “பாதை எனக்கு அரியதாக இருந்தால் எளிதாக்கிக்கொள்வேன், வண்டி எனக்கு அயலாக இருந்தால் எம்மூர்ப் பேருந்தை அதில் ஓடவிடுவேன், அதனால் கெட்டுப்போனவர் யார்?” என்றார் மற்றவர். இருவரும் எம்மை நடுவராக்கினர். கணினி விளையாட்டில் யாம் பயிற்சி சிறிதும் இல்லேம். ஆயினும் அவர்தம் சொற்போர் எமக்குப் பழையதொன்றாகவே தோன்றிற்று. ஏடு பார்த்துப் பதிப்பிப்போரிடையே மூலபாடம், பாடவேறுபாடு, இடைச்செருகல் என்னும் பெயர்களால் நூறாண்டிற்கு மேலாக நிகழ்ந்துவரும் வழக்கே அது.

அவ்வழக்கைக் கணினி விளையாட்டை மட்டும் கொண்டு தீர்த்தல் அரிது. அதன் வரலாறு மிகக் குறுகியது. ஆடுவோர் பலர்க்கு ஆக்கியோர் இன்னும் சமகாலத்தவர். நெடிய வரலாறுடையதும், இம்மேற்குப் புறநகரோடு நெருங்கிய தொடர்புடையதுமாகிய சதுரங்கத்தை முதற்கண் ஆராய்ந்து, பின்னர்க் கணினிக்குத் திரும்புதல் நன்று எனக் கருதுகிறோம்.

பலகையிற் காய் வைத்து ஆடும் ஆட்டம் தமிழர்க்கு மிகத் தொன்மையானது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் ‘வல்’ என்னும் சொல்லின் புணர்ச்சியைக் கூறுமிடத்து, நாய், பலகை என்னும் சொற்கள் அதனோடு வருங்கால் நேரும் முடிபைத் தனியே எடுத்தோதுகிறார். ஈண்டு நாய் என்றது விலங்கை அன்று, ஆடுகாயை. வல்லுநாய் எனவும் வல்லநாய் எனவும், வல்லுப்பலகை எனவும் வல்லப்பலகை எனவும் இருவகை முடிபும் கொள்ளப்பட்டன. புறநானூற்றுப் பாட்டொன்று, மக்கள் நீங்கிப் பாழ்பட்ட பொதியிலில், முன்னர் முதியோர் காய்களை இட்டு இட்டுக் குழிவாகிப் போன இடத்தில் கானக்கோழி முட்டையிடுதலைக் காட்டுகிறது. ஊர் அழிந்தமையைக் கூற இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ என வியப்பார் உளர். எமக்கோ பிறிதொன்று தோன்றுகிறது. பலகையின் பெயர் கிடைத்தது; காயின் பெயர் கிடைத்தது; ஆடியவர் நரைத்த முதியோர் என்பதும், ஆடிய இடம் பொதியில் என்பதும், தரையில் விழுந்த குழியும் கிடைத்தன. ஆட்டம் மட்டும் கிடைக்கவில்லை. காய் எத்திசையிற் சென்றது, எத்துணைக் கட்டம் சென்றது, வெற்றி எதனால் முடிந்தது என்பவற்றை ஒரு புலவரும் பாடிற்றிலர். எல்லோர்க்கும் தெரிந்ததைப் பாட வேண்டுவதில்லை அன்றோ? வல்லினைச் சதுரங்கமே எனத் துணிந்துரைப்பாரும் உளர். விதி தெரியாத ஆட்டத்தை விதி தெரிந்த ஆட்டத்தோடு ஒன்றாக்குதல் ஆராய்ச்சி ஆகாது.

சதுரங்கத்தின் நிலை இதனினும் மேம்பட்டது. ஏழாம் நூற்றாண்டினராகிய பாணர், தாம் இயற்றிய ஹர்ஷசரிதத்தில், அரசனது ஆட்சியின் அமைதியைப் புகழுமிடத்து, நால்வகைப் படையின் அணிவகுப்பு ஆட்டப் பலகையில் மட்டுமே நிகழ்ந்தது என்னும் கருத்தமையச் சிலேடையாகக் குறிக்கிறார். பாரசீகம் சென்ற ஆட்டத்தில் அரசனுக்கு அருகில் நின்றவர் மந்திரி. அவர் மூலைவழியாக ஒரே கட்டம் செல்லுவார். யானை மூலைவழியில் ஒரு கட்டத்தைத் தாண்டி இரண்டாவதிற் குதிக்கும். ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிருனியோ, இந்நாட்டில் நால்வர் கூடிப் பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தை விவரித்து, அதில் யானை நேர்முன்னாக ஒன்றும் நான்கு மூலைகளில் ஒவ்வொன்றுமாகச் செல்லும் என்கிறார். இவற்றுள் மூலம் எது? பகடை உள்ளதா, இல்லதா? இருவர் ஆட்டமா, நால்வர் ஆட்டமா? சதுரங்க வரலாற்றைப் பெருநூலாக 1913-இல் வெளியிட்ட மரே முதலாக அறிஞர் பலர் இதனை ஆராய்ந்துளர். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளிலேயே ஆட்டம் ஒன்றாக இல்லை, பலவாக உள்ளது என்பதே இவ்விடத்து வேண்டப்படுவது.

இனி, இன்று உலகெங்கும் ஆடப்பெறுவதும், பள்ளிகளிற் கற்பிக்கப்பெறுவதும், குகேஷ் வாகை சூடியதுமாகிய ஆட்டம் யாது? அது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தென்மேற்கு ஐரோப்பாவில் நேர்ந்த பெருந்திருத்தத்தின் பயன். ஒரு கட்டமே நகர்ந்த மந்திரி அரசியாக மாறி, எட்டுத் திசையிலும் எல்லையின்றிச் செல்லும் ஆற்றல் பெற்றாள். குதித்துச் சென்ற யானையின் இடத்தில் மூலைவழியே பலகை முழுதும் ஓடும் காய் வந்தது. பழைய ஆட்டத்திற் பழகியோர்க்கு இப்புதுமை எத்துணை வெறுப்பைத் தந்தது என்பதனை, இத்தாலியர் இதற்கு ‘வெறியாட்டம்’ எனப் பொருள்படப் பெயரிட்டமையே காட்டும். 1497-இல் சலமன்காவில் அச்சான லூசேனாவின் நூல் ஈண்டு மிகவும் நோக்கத்தக்கது. அதில் உள்ள ஆட்டப் புதிர்களுட் சில பழைய முறைக்கும் சில புதிய முறைக்கும் உரியவை; ஆசிரியர் ஒன்றைப் ‘பழையது’ என்றும் மற்றதனை ‘அரசியினது’ என்றும் பெயரால் வேறுபடுத்துகிறார். எது மூலம், எது திருத்தம் என்று அவர் வழக்காடவில்லை. ஒவ்வொன்றும் இன்னதென்று சொல்லிவிட்டார். பதிப்பாசிரியர்க்குரிய நேர்மை இதுவே எனலாம். சில தலைமுறைகளிற் பழையது வழக்கொழிந்தது. ‘அரசியினது’ என்னும் அடைமொழியும் வேண்டாததாயிற்று. திருத்தம் வென்றபின் அது தன் பெயரை இழந்து மூலத்தின் பெயரை எடுத்துக்கொள்கிறது.

அத்திருத்தம் மேனாட்டாருடன் இந்தியாவிற்குத் திரும்பி வந்த வரலாறு, வந்த கதையிலும் நின்ற கதை சுவையுடையது. இந்நாட்டார் அரசியின் ஆற்றலை ஏற்றனர். ஆயினும் அவளை மந்திரி என்றே வழங்கினர். மூலைவழி ஓடும் காயையும் ஏற்றனர். பிறவற்றைத் தம் வழியிலேயே வைத்துக்கொண்டனர். மேனாட்டு ஆட்டத்திற் காலாள் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம். நம் நாட்டு ஆட்டத்தில் ஒன்றே. மேனாட்டார் அரசனையும் மூலைக் காயையும் ஒருங்கே நகர்த்திக் கோட்டை கட்டுவர். நம்மவர் அதற்கு ஈடாக, எதிரியால் ‘செக்’ வைக்கப்பெறாத அரசன் ஒரே ஒருமுறை குதிரைபோலத் தாவலாம் என்றனர். கடைக்கட்டம் அடைந்த காலாள் மேனாட்டில் விரும்பிய காயாக மாறும். இங்கோ எந்த நிரையிற் சென்று சேர்ந்ததோ அந்நிரைக்குரிய காயாகவே மாறும். குதிரை நிரையில் ஏறிய காலாளுக்கு மந்திரி ஆகும் பேறில்லை. வெற்றியின் வகைகளிலும் இடந்தோறும் வேறுபாடு இருந்தது. ஆகவே, ஓர் ஊர் வீரர் அடுத்த ஊர் சென்றால், முதலிற் செய்வது காய் வைத்தல் அன்று, விதி கேட்டல்.

இம்மாற்றங்களைச் சிறியன எனக் கொள்ளுதல் தவறு. காலாள் ஒவ்வோர் அடியாகச் செல்லுமாயின் இருதரத்துப் படையும் கைகலக்க நெடும்பொழுது ஆகும். விரைந்து தாக்கும் தொடக்கங்களுக்கு இடமில்லை. பொறுத்திருந்து அணிவகுத்தலும், இறுதியிற் சில காய்களைக் கொண்டு நுட்பமாக முடித்தலுமே வீரமாகும். ஒரு சிறு விதி ஆடுவோனது உள்ளப்பாங்கையே வேறாக்கிவிடுகிறது. யாப்பில் ஓர் அசை குறைந்தால் ஓசை வேறாதல் போலும் இது.

இவ்விரு முறைகளுக்கும் இடையே நின்று எழுதினார் ஒருவர் உளர். திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பார் வடமொழியில் இயற்றிய சதுரங்க நூல், ‘மேனாட்டு ஆடுமுறைக்கு ஏற்ப அமைத்தது’ என்னும் குறிப்போடு 1814-இல் பம்பாயில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பெயரைக் கொண்டு நோக்கின் அவர் தென்னாட்டவர் எனக் கருதற்கு இடமுண்டு. நம் கருத்துக்கு உரியது அக்குறிப்பே. தம் நாட்டு ஆட்ட அறிவைப் பிறநாட்டு விதிக்கு ஏற்பத் திருத்தினோம் என்பதனை நூலின் முகப்பிலேயே அறிவித்துள்ளமை பாராட்டத்தக்கது.

விதி மாறுபாட்டின் வலியை உடலால் அறிந்தவர் மீர் சுல்தான் கான். பஞ்சாபில் 1903-இற் பிறந்த இவர், தந்தையாரிடம் நம் நாட்டு ஆட்டத்தைக் கற்று அதில் வல்லவரானார். மேனாட்டு விதிகளைப் பின்னரே பயின்றார். தம்மை ஆதரித்த சர் உமர் ஹயாத் கானுடன் 1929-இல் இலண்டன் சென்று, அவ்வாண்டிலேயே பிரித்தானிய வாகையை வென்றார். 1932, 1933-ஆம் ஆண்டுகளிலும் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையராகிய கபபிளாங்காவையே தோற்கடித்தார். அவருடைய தொடக்க நகர்வுகள் தளர்ந்தவை எனவும், ஆட்ட இறுதி வன்மை மிக்கது எனவும் அக்காலத்தார் மதிப்பிட்டனர். நாம் மேலே கூறிய காலாளின் ஓரடியை நினைப்பார்க்கு இதன் காரணம் எளிதிற் புலனாகும். தளர்ச்சி அவருடையது அன்று. அவர் கற்ற ஆட்டத்தில் அத்தகைய தொடக்கமே இல்லை. ஐந்தாண்டு கழியுமுன் தாயகம் திரும்பிய அவர் 1966-இல் மறைந்தார். பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு அவர்க்குப் பெருவீரர் பட்டம் அளித்தது 2024-இல்.

விடுதலைக்குப் பின்னர் 1955-இல் ஏலூரில் முதல் தேசியப் போட்டி நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரோன் 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய வாகை சூடினார். 1961-இல் இந்தியரில் முதல்வராகப் பன்னாட்டு வீரர் பட்டம் பெற்றார். 1962-இல் ஸ்டாக்ஹோமிற் போர்டிஷ், உல்மன் ஆகிய பெருவீரர்களை வென்றார். பன்னாட்டு விதிகள் இந்நாட்டிற் பரவுதற்குப் பெரிதும் உழைத்தவரும் அவரே. 1972-இற் சென்னைச் சோவியத்துப் பண்பாட்டு மையத்தில் அவர் தோற்றுவித்த தால் சதுரங்கக் கழகத்திலேதான் இளைஞர் ஆனந்த் பயின்றார். ஆனந்திலிருந்து பாடி, அயனம்பாக்கம் வரை வந்த வழி நேர்வழி.

அவ்வழியின் பெருமையை மறுப்பார் யார்? ஒரே விதி இல்லையேல் பாடிச் சிறுவன் நார்வே நாட்டானோடு ஒரு பலகையில் அமர்தல் இயலாது. எனினும் ஆராய்ச்சியாளர் என்னும் முறையில் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். நாட்டு ஆட்டம் தோற்றதனால் ஒழியவில்லை, எழுதப்படாமையால் ஒழிந்தது. வடநாட்டு வகைகளை ஆங்கிலேயர் சிலரேனும் குறித்துவைத்தனர். தமிழ்நாட்டுத் திண்ணைகளில் ஆடிய சதுரங்கத்தின் விதி வேறுபாடுகளை ஊர்வாரியாகத் தொகுத்த தமிழ் நூலை யாம் கண்டிலம். பள்ளு, குறவஞ்சி, தாலாட்டு எனத் தேடித்தேடித் தொகுத்த நம் முன்னோர் ஆட்ட விதியை இலக்கியமாக எண்ணாமை வியப்பன்று. யாமும் அம்மாணவர் வழக்கிடும்வரை எண்ணியதில்லை.

இவ்வாறு ஒருமைப்பட்ட ஆட்டத்தினுள்ளும் திருத்தம் மீண்டும் எழுந்தது. உலக வாகையராயிருந்த அமெரிக்கர் பாபி ஃபிஷர், தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்து ஒப்புவித்தலே ஆட்டமாகிவிட்டது என வெறுத்து, 1996-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் புவெனஸ் ஐரிஸ் நகரில் ஒரு புதுமுறையை அறிவித்தார். பின்வரிசைக் காய்களைக் குலுக்கல் முறையில் வைத்தல். மூலைவழி ஓடும் காய்கள் இரண்டும் வேறு நிறக் கட்டங்களில் நிற்றல். அரசன் இரு யானைகளுக்கும் இடையே நிற்றல். இவ்வரையறைக்குள் வரும் வைப்புகள் 960. அவற்றிற்கு இட்ட எண் வரிசையிற் பழைய வைப்பும் ஒன்றாக உள்ளது. அதன் எண் 518. ஆயிரமாண்டு மூலம் எனப் போற்றப்பெற்றது, திருத்தங்களின் பட்டியலில் ஓர் எண்ணாக நிற்கும் காட்சி எம்மைச் சிறிது நேரம் நகைக்கவும் சிந்திக்கவும் வைத்தது.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனியின் வைசன்ஹவுசில் இம்முறையில் நிகழ்ந்த போட்டியில், உலக வாகை சூடி இரு திங்களே ஆன குகேஷ் வெற்றி ஒன்றும் இன்றி எட்டாம் இடத்தில் நின்றார். அவ்வாண்டு ஜூலையில் லாஸ் வேகாஸ் நகரில் அதே முறையில் பிரக்ஞானந்தா நார்வேயின் கார்ல்சனை 39 நகர்வுகளில் வென்றார். இவற்றைக் கொண்டு ஒருவரை உயர்த்தலும் ஒருவரைத் தாழ்த்தலும் எம் கருத்தன்று. சுல்தான் கானுக்கு நேர்ந்ததே குகேஷுக்கும் நேர்ந்தது. விதியின் ஒரு மூலை மாறியதும் வன்மையின் அளவுகோலும் மாறிற்று. இப்போட்டிகளை நடத்தியோர்க்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பிற்கும் இடையே, உலக வாகை என்னும் பெயரை வழங்கும் உரிமை யாருக்குரியது என்பது பற்றிப் பெரும் பிணக்கு எழுந்தமையும் நினைக்கத்தக்கது. ஆடுவதற்குத் தடையில்லை; பெயருக்கே தடை. மூலம் தன் காய்களைக் காப்பதினும் தன் பெயரைக் காப்பதிலேயே கருத்தாயிருக்கிறது.

இனிக் கணினிக்கு வருவோம். 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘டூம்’ என்னும் ஆட்டத்தை ஆக்கியோர், ஆட்டத்தின் இயக்கத்தை ஒருபுறமும், இடங்களின் வரைவு, படம், ஒலி ஆகியவற்றை வேறொரு கோப்பிலுமாகப் பிரித்துவைத்தனர். ஆகவே, மூலத்தைச் சிதைக்காமலே பிறர் தாம் வரைந்த இடங்களை அதிற் சேர்க்க இயன்றது. இவ்வழியிற் பிறந்தவற்றுள் ஒன்று மிகப் புகழ்பெற்றது. 1998-இல் வெளிவந்த ‘ஹாஃப் லைஃப்’ என்னும் ஆட்டத்திற்கு மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இளைஞர் இருவர் 1999-இற் செய்த திருத்தமே ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’. மூல ஆட்டத்தின் நிறுவனமாகிய வால்வ் அத்திருத்தத்தைத் தானே ஏற்று 2000-இல் விற்பனைக்கு வெளியிட்டது. எம் மாணவர் பலர் கவுண்டர் ஸ்ட்ரைக்கை அறிவர். ஹாஃப் லைஃபை ஆடினவர் சிலரே. மூலத்தைப் போற்றிய அம்மாணவரையே வினவினோம். தாம் சிறுவயதில் ஆடிய ‘மூலம்’ ஒரு திருத்தம் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார்.

மற்றவர் கூறிய பேருந்துச் செய்தியும் தள்ளத்தக்கதன்று. இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட கைப்பேசி விளையாட்டு ஒன்றில், அந்நாட்டுச் சாலைகளிற் பேருந்து ஓட்டலாம். பிறர் வரைந்த வண்டிகளைச் சேர்த்தற்கு ஆக்கியோரே வழிவைத்துள்ளனர். தமிழ்நாட்டு இளைஞர் நம் அரசுப் பேருந்துகளையும் தனியார் பேருந்துகளையும் நிறமும் எழுத்தும் வழுவாது வரைந்து அதிற் சேர்த்து ஆடுகின்றனர். அம்மாணவர் தம் கைப்பேசியில் எமக்குக் காட்டினார்: ஊர்ப்பலகை தமிழில், சாலையோ சாவகத்தினது. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெய்தி ஆண்ட சாவகநாட்டில் நம் பேருந்து ஓடுவதைக் கண்டு யாம் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஆக்கத்திற்குத் தமிழிலக்கண மரபில் இடம் உண்டா? உண்டு, நன்கு வகுத்த இடமே உண்டு. தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாக்கி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தியார் இன்னும் தெளிவாகக் கூறுவார்: முன்னோர் நூலின் முடிபோடு பொருந்தி, பின்வந்தவன் தான் வேண்டும் விகற்பத்தையும் கூறுவது வழிநூல், ஆயினும் அதன் மரபு அழியாதிருத்தல் வேண்டும். விகற்பம் என்னும் இச்சொல்லே ‘மாட்’ என்பதற்குத் தக்க தமிழாகலாம். இயக்கம் முன்னோரது, சேர்த்த வண்டி பின்னோனது, மரபு அழியவில்லை. ஆதலின் அம்மாணவரது பேருந்து வழிநூல் வகையைச் சார்வது. கம்பர் செய்ததும் இதுவே எனின், கம்பரைக் குறைத்தோம் எனச் சினப்பார் உளராவர். அளவு வேறு, வகை ஒன்று என்பதே எம் கருத்து.

வழிநூலினின்றும் வேறானது இடைச்செருகல். கம்பராமாயணத்துள் பிற்காலத்தார் தம் பாடல்களைக் கம்பர் பெயரிலேயே நுழைத்தனர்; அவற்றை ‘வெள்ளிபாடல்’ என்று அறிஞர் வேறுபிரிக்கவும், பதிப்பாளர் சிலர் மிகைப்பாடல் எனத் தனியே அச்சிடவும் நேர்ந்தது. நுழைத்தவர்தம் பாடல்களுள் நல்லனவும் உள. பாட்டின் குற்றம் அன்று அது; பெயரை மறைத்த குற்றம். மறுதலையாக, இரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் தம் சுவையே அளவாகக் கொண்டு பாடல்கள் பலவற்றைக் கம்பருடையன அல்ல என நீக்கினார், சொற்களையும் மாற்றினார். புலவர் உலகம் அவரை மிகக் கடிந்தது. அக்கண்டனத்திற் பெரும்பகுதி நேரியதே. ஆனால் அவர் மறைத்துச் செய்யவில்லை. செய்தேன் எனச் சொல்லியே செய்தார். ஆகவே, அவருடைய கம்பரை ஆடுவோர் ஆடலாம், மூலத்தை வேண்டுவோர் மூலத்திற்குச் செல்லலாம். இரண்டு வழியும் திறந்தே இருந்தன.

இவ்வேறுபாட்டைக் கொண்டு மாணவர் இருவர்க்கும் யாம் கூறிய விடை இதுவாகும். தனித்திருந்து ஆடுவோன் எத்திருத்தமும் சேர்த்துக்கொள்ளலாம்; அது அவன் தனக்கென எழுதிக்கொண்ட உரை. இருவர் எதிர்நின்று ஆடுமிடத்து, இருவரும் அறிந்து உடன்பட்ட திருத்தம் புதிய ஆட்டம். ஒருவன் மட்டும் அறிந்த திருத்தம் வஞ்சனை. ஊர் விட்டு ஊர் சென்ற பழைய வீரன் காய் வைக்குமுன் விதி கேட்டானே, அவன் கேட்டது இதனையே. முதல் மாணவர் இதற்கு உடன்பட்டார். ஆயினும் அவர் விடவில்லை: “எல்லோரும் திருத்தத்தையே ஆடினால் மூலம் எங்கே நிற்கும்?” என்றார். அவ்வினாவிற்கு எம்மால் உடனே விடை கூற இயலவில்லை.

ஏனெனில் கணினி விளையாட்டில் மூலத்தை மிகுதியும் மாற்றுபவர் திருத்தம் செய்யும் இளைஞர் அல்லர்; ஆக்கிய நிறுவனத்தாரே. வலைவழி ஆடும் ஆட்டத்தை அவர்கள் ஆண்டுதோறும் புதுக்குகின்றனர். புதுக்கியது பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. ஏட்டைச் சுரண்டி அதன்மேல் எழுதியது போல்வது இது. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் ஆட்டம் 2004-இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் அதன் முதல் வடிவத்தை யாரும் ஆட இயலாதவாறு எல்லாம் மாறிவிட்டன. ஆர்வலர் சிலர் பழைய வடிவத்தை இசைவின்றித் தாமே நிறுவி நடத்தினர். அவற்றுட் பெயர்பெற்ற ஒன்றை நிறுவனம் சட்டத்தின் துணைகொண்டு 2016-இல் மூடச்செய்தது. பெருந்திரளானோர் முறையிட்டனர். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறுவனமே பழைய வடிவத்தை மீண்டும் வெளியிட்டது. மூலத்தின் உரிமையாளர் மூலத்தை அழித்தனர். விதி மீறியோர் அதனைக் காத்தனர். கறையானுக்குத் தப்பிய படிகள் பெரிய மடங்களில் அல்லாமல் பெயரறியாப் புலவர் வீட்டுப் பரண்களிற் கிடைத்ததை உ.வே.சா. வரலாறு படித்தோர் நினைவுகூர்வர்.

நாட்டுச் சதுரங்கத்திற்கு அத்தகைய பரணும் இல்லை. ஆயினும் ஒரு சிறு தடம் மொழியில் எஞ்சியுள்ளது. வடநாட்டார் அரசனுக்கு அருகிலுள்ள பெருங்காயை இன்றும் ‘வஜீர்’ என்றே அழைப்பர், அது மந்திரியே. தமிழிலோ அக்காய் ‘ராணி’ ஆயிற்று. மந்திரி என்னும் பெயர் அழியாமல், மூலைவழி ஓடும் இரு காய்களின்மேற் சென்று அமர்ந்தது. அவற்றையே இன்று மந்திரி என்பார் பலர். அரசி வந்தபோது மந்திரி பலகையை விட்டு நீங்காமல் பக்கத்துக் கட்டத்திற்கு நகர்ந்திருக்கிறார். இப்பெயர் மாற்றம் எவ்வூரில் எத்தலைமுறையில் நேர்ந்தது என்பதை, எண்பது வயது கடந்தோர் நினைவைக் கொண்டு இன்னும் சில ஆண்டுகளே கேட்டறிய இயலும். மாணவர் இருவரும் அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் அத்தகையோரைக் கண்டு, காலாள் எத்தனை அடி சென்றது, அரசன் தாவினானா, மந்திரி எனப்பட்டவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்டு எழுதிவர இசைந்துள்ளனர். வரும் கோடை விடுமுறையில் அவ்வேலை தொடங்கும்.